வளையாத நுனி

"இதுல என்ன குறை?"

கடைக்காரர் நீட்டிய ஒவ்வொரு தூண்டில் ராடுக்கும் அவள் இதையேதான் கேட்டாள். வருகிறவர்கள் எல்லாம் இதில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள், இந்தம்மா குறையை மட்டும் கேட்கிறாள். விலையைக் குறைக்க அடி போடுகிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

உட்கார நாற்காலி போட்டாயிற்று. அவள் உட்காரவில்லை. வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்தாள், தெருவை எட்டிப் பார்த்தாள், கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவளுக்குக்கூட இவ்வளவு பரபரப்பு இருக்காது.

"ராடு யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. லிஃப்ட் கம்பெனியில மெக்கானிக். நாளைக்கு ஏரியில பாஸ் மீன் பிடிக்கற போட்டி இருக்கே, அதுல கலந்துக்கறார்."

"அடடே, நம்ம லிஃப்ட்காரர் வீடா?" கடைக்காரர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"நாளைக்கு ஜெயிச்சா வேலையை விட்டுட்டு, இனிமே மீன் போட்டிதான் தொழில்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கார். எங்க அண்ணன்கிட்ட சொன்னதுகூடப் பரவாயில்ல, கம்பெனி மேனேஜர்கிட்டயே சொல்லிட்டார். ராத்திரி தூக்கமே கிடையாது. எழுந்து எழுந்து ஹால்ல நடக்கறார், அவ்வளவு வெறி. அவருக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன். தகடு வச்ச லூர்தான் போடுவார். அதுக்கு எந்த ராடு எப்படின்னு விவரமா சொல்லுங்க."

விவரமாகச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கடைக்காரரை நிறுத்த முடியாது. ஒரு லூரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் பாவாடை கட்டிய பொய் இரை, அதன் மூக்கில் சின்னதாக ஓர் உலோகத் தகடு.

"தண்ணியில இழுத்தா இந்தத் தகடு படபடன்னு அடிக்கும். அந்த அதிர்வுக்குத்தான் மீன் வரும். வந்து ஒரே உறிஞ்சா உறிஞ்சும் பாருங்க, அப்போ ராடு நுனி கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும். அதுக்குத்தான் இந்த ஃபைபர் ராடு. இதுல ஃப்ளோரோகார்பன் தூண்டில் நரம்பு சுத்திக்கணும், கொஞ்சம் தடிமனா. இந்த ஜோடியைக் கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

"இதுல குறையே இல்லையா?" அவள் முகம் வாடியது.

"தேடினாலும் கிடைக்காது."

"அப்ப அது?" மூலையில் சாய்ந்திருந்த கறுப்பு ராடைக் காட்டினாள்.

"அது கார்பன், விறைப்பு ஜாஸ்தி. வேற வேலைக்கு அருமையான ராடு. தகடு லூருக்கு ஆகாது. மீன் வாயை மூடறதுக்குள்ள லூரை நாமளே வெளியே பிடுங்கிடுவோம். அதுல போய் பின்னல் நரம்பு சுத்தினா கேக்கவே வேண்டாம். பின்னல் துளிகூட நீண்டு குடுக்காது. தப்பித் தவறி மாட்டின மீனும் வாய் கிழிஞ்சு கழண்டுடும்."

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"அதையே குடுங்க. பின்னல் நரம்பும் சேர்த்து."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இத்தனை நேரம் தொண்டைத் தண்ணி வற்றப் பேசியது யாருக்காக?

"அம்மா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? இதை எடுத்துட்டுப் போனா அவர் தோத்துட்டுத்தான் வருவார்."

"தோக்கட்டும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வேலை போனா கம்பெனி குடுத்த வீடும் போச்சுங்க. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

"வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? கல்யாணமான நாளா லிஃப்ட் குழிக்குள்ள கிரீஸும் அழுக்குமா கிடக்கற மனுஷன். எனக்குன்னு இருக்கற ஒரே ஆசை இதுதான்னு சொல்றார். நான் வேண்டாம்னா காலத்துக்கும் மனசுல வச்சுக்குவார். அந்த வேண்டாமை மீனே சொல்லிட்டுப் போகட்டும்."

"ராடைக் கையில எடுத்ததுமே கண்டுபிடிச்சுடுவாரேம்மா."

"கண்டுபிடிப்பார். ஆனா நான் ஆசையா வாங்கினதுன்னு குடுத்தா ஒதுக்கி வைக்க மாட்டார். அதைத்தான் எடுத்துட்டுப் போவார்." கட்டிய புருஷனுக்கே குழி பறிக்கிறோமே என்று கைப்பையின் ஜிப்பை இன்னொரு தடவை மூடினாள். இருந்தாலும் பணத்தை எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டாள்.

கடைக்காரர் பணத்தைத் தொடவில்லை. எழுந்து போய்க் கறுப்பு ராடைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிச் சாய்த்துவைத்தார்.

"விக்க மாட்டீங்களா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் உங்க பழைய கஸ்டமர். நேரா அவர்கிட்ட போய்ப் போட்டுக் குடுக்கப் போறீங்க, அதானே?"

"உங்களைப் பத்தி அவர்கிட்ட மூச்சு விட மாட்டேன்மா. ஆனா அவரைப் பத்தி உங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். வீட்ல சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்."

"எதை?"

கடைக்காரர் பணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"எதுல மீன் நழுவும்னு கேட்டு, காலையிலேயே ஒண்ணு வாங்கிட்டுப் போயிட்டாரும்மா."