இடக்கை முடிச்சு

புது வலை முதன்முறையாகக் கடலுக்குப் போய்க் கிழிந்து வந்திருந்தது. ஜெரோசா அதை மடியில் இழுத்துப் போட்டுத் தைக்க உட்கார்ந்தாள். வலையை இறக்கும் முன்பே, போகிற வழியில் அவள் கணவன் லிகோரி கடலில் தவறி விழுந்துவிட்டதாக விசைப்படகை ஓட்டும் கஸ்மீர் ஊரில் சொல்லியிருந்தார். கிழிசலில் பாதியைப் படகிலேயே யாரோ தைத்திருந்தார்கள். முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் இழுபட்டிருந்தன. அந்தப் படகில் இடக்கையால் தைப்பவன் லிகோரி மட்டும்தான்.

கஸ்மீர் எதிரே வந்து குந்தினார். "என்ன பிள்ள, கை நின்னுட்டு?"

"நூலு சிக்கிட்டுண்ணே. இத யாரு தச்சது?"

"பயலுவ எவனாவது தச்சிருப்பான். ஏன் கேக்க?"

"சும்மாதான். நல்லாத் தச்சிருக்கு."

"உன் தையலுக்கு முன்னால இதெல்லாம் ஒரு தையலா? அறுத்துப் போட்டுட்டுப் புதுசாப் போடு."

இடுப்பிலிருந்து கத்தியை உருவி, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார். ஜெரோசா வாங்கிக்கொண்டாள். முதல் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நீங்க போங்கண்ணே. நான் அறுத்திருதேன்."

"அறு. பாத்துட்டே போறேன்."