எட்டாவது இடம்

"எட்டு வருஷமா ஒரே இடத்துல உக்காந்திருக்கியே நீலக்கா, கால் மரத்துப்போகலையா?"

அக்ஷதா கேட்டதும் விடுதிச் சாப்பாட்டுக்கூடமே கொல்லென்று சிரித்தது. நீலாம்பிகாவும் கூடவே சிரித்தாள். சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அது கிடக்கட்டும், வராத கணக்குன்னியே, அதைக் காட்டு" என்றாள்.

அக்ஷதாவுக்கு எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். அடுத்து ஆராய்ச்சி. சேர்ந்தால் ஹொசமனி சாரிடம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவரிடம் படித்தவர்கள் ஜெர்மனி, ஜப்பான் என்று பறந்திருக்கிறார்களே! நேர்காணலும் முடிந்து, காத்திருப்போர் பட்டியலில் முதல் பேரே அவள் பேர்தான்.

ஒரே ஒரு சிக்கல். ஒரு பேராசிரியர் எட்டுப் பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். சாரிடம் இருப்பவர்களில் ஏழு பேர் இப்போதுதான் சேர்ந்த பையன்கள். எட்டாவது ஆள் நீலக்கா. அவள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் இடம் காலியாகும். அதுவும் ஜூனுக்குள் ஆகவேண்டும். ஜூன் தாண்டினால் சார் ஓய்வுபெற மூன்று வருஷம்கூட இருக்காது. அதற்கப்புறம் புது ஆளைச் சேர்க்க அவருக்கு அனுமதி இல்லை.

இப்போது மார்ச். நீலக்கா அசைவதாகத் தெரியவில்லை.

"இங்க பாரு. சுவர் வந்ததும் அலை பொட்டுனு நின்னுடாது. உள்ளயும் கொஞ்ச தூரம் போய்த் தேயும். நீ வாசல்லயே பூஜ்யம் போட்டுட்ட."

இரண்டு நாளாக நகராத கணக்கு, நீலக்கா பென்சிலால் நாலு கோடு இழுத்ததும் விழுந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் கணக்குப் போடற. உன் கணக்கு மட்டும் முடியமாட்டேங்குதாக்கும்?"

"எங்கடி, இன்னும் சரியா வரல" என்ற நீலக்கா, மெதுவாக, "ஹைதராபாத்லேருந்து கூப்பிட்டிருக்காங்கல்ல? பேசாம அங்கயே போயேன்" என்றாள்.

"அது சின்ன ஆய்வகம்கா."

"சின்னதா இருந்தா என்ன? அங்க இருக்கற பேராசிரியரம்மா நல்லா சொல்லிக் கொடுப்பாங்க."

"சார் பேரு எங்க, அந்தம்மா பேரு எங்க! நான் உருப்பட்டுடுவேன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

பக்கத்தில் இருந்த சைத்ரா இடுப்பில் இடித்தாள். அக்ஷதாவுக்கு வாய் நிற்கவில்லை.

"சங்கராந்திக்கு உங்கப்பா போய்ச் சேர்ந்தாரே. 'எம்மக எப்ப டாக்டராவா'ன்னு கேட்டுக்கிட்டேதான் போனாராம். அவருக்காகவாவது முடிச்சிருக்கலாமில்ல?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நீலக்கா எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், "நாளைக்குப் பரீட்சையாச்சே. பெட்டியில என் குவாண்டம் நோட்டு இருக்கு, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் துணி துவைக்கப் போனாள்.

மேலே இருந்ததெல்லாம் வேறு நோட்டுகள். அக்ஷதா அடிவரை துழாவினாள். பழைய சேலையில் சுற்றி கனமாக ஏதோ தட்டுப்பட்டது. பிரித்தாள். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. முனைவர் பட்ட ஆய்வேடு. கீழே நீலாம்பிகா என்ற பேர். அதற்கும் கீழே வருஷம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருஷம்!

வாளியோடு நீலக்கா உள்ளே வந்தாள்.

"முடிச்சே ரெண்டு வருஷமாச்சா?" அக்ஷதாவின் குரல் கிறீச்சிட்டது. "எவளும் மேல வந்துடக் கூடாதுன்னே உக்காந்திருக்கியா? நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

நீலக்கா கதவைச் சாத்தினாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"நேர்காணல் முடிஞ்சதும் எல்லாரையும் அனுப்பிட்டு, உன்னை மட்டும் இருக்கச் சொன்னாராடி?"

"ஆமா. அதுக்கென்ன?"

"வீட்ல யார் யாருன்னு கேட்டிருப்பாரு."

"கேட்டாரு. அப்பா இல்லைன்னேன். இனி நான்தான் உனக்கு அப்பான்னு சொல்லி தலையைத் தடவினாரு. அப்புறம் முதுகை..."

அக்ஷதா நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள் நீலக்கா.



"புகார் கொடுக்கலையாக்கா?"

"கொடுத்தேன். பட்டம் வேணுமா, பிராது வேணுமான்னு கேட்டாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"போன வருஷம் ஒருத்திகிட்ட சொன்னேன். நல்ல பேரு வாங்கணும்னு நேரா அவருகிட்டயே போய் ஒப்பிச்சுட்டா. அப்புறம் எனக்கு வாய் வரல."

அக்ஷதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஆய்வேடு. சாப்பாட்டுக்கூடத்தில் தான் பேசின பேச்செல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழ, அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் ஹைதராபாத்துக்கே போறேன்கா. இன்னிக்கே பதில் போட்டுடறேன். நீ நாளைக்கே இதைக் கொண்டுபோய்க் கொடுத்துடு. இனிமே உனக்கென்ன தடை?"

நீலக்கா ஆய்வேட்டை அவள் மடியிலிருந்து எடுத்தாள். மறுபடியும் சேலையில் சுற்றினாள். பெட்டியின் அடியில் வைத்து, மேலே நோட்டுகளை அடுக்கினாள்.

"பட்டியல்ல ரெண்டாவதா இருக்கறதும் ஒரு பொண்ணுதான்டி."