பின்னால் உட்கார்ந்தவர்

“பின்னாடி உட்கார்றவங்கதான் படகைத் திருப்பணும். நீ முன்னாடி ஏறும்மா” என்றார் அப்பா.

“இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டீங்க?”

“ரெண்டு மூணு தடவை வந்திருக்கேன்.”

“தனியாவா?”

“லைஃப் ஜாக்கெட் பட்டையை இழுத்துக் கட்டு. தொளதொளன்னு இருக்கு பார்.”

மகள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். இருவர் போகும் கயாக் படகு, கரையை விட்டு மெல்ல நழுவியது.

மேலே பாறைக்கு அடியிலிருந்து ஊற்றெடுத்து வரும் ஆறு அது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். ஆனாலும் அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் கைக்கு எட்டுவதுபோலத் தெரிந்தது. மீன்கள் ஒரு பக்கம் போக, அவற்றின் நிழல்கள் மணலில் தனியாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் தெரிந்தது. பின்னால் இருப்பவரின் முகம் மட்டும்தான் தெரியவில்லை.

“ஒரு விஷயம் பேசணும், ஒருநாள் லீவு போட முடியுமா?” என்று போன வாரம் அவர்தான் கேட்டார். வீட்டிலேயே பேசலாமே என்றதற்கு, “வீட்டுல வேண்டாம்” என்றுவிட்டார்.

என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியாதா? கடல் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. காது மந்தமானவர்களைச் சோதித்துக் கருவி பொருத்தும் வேலை. அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவளும் கிளம்பிவிட்டால் அவர் ஒற்றை ஆள்.

தண்ணீரே படகைக் கொண்டுபோனது.

“என்னமோ பேசணும்னீங்களே.”

“பேசலாம், பேசலாம். என்ன அவசரம்?” கொஞ்சம் கழித்து, “டிக்கெட் போட்டுட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல.”

“சீக்கிரம் போடு. இந்த மாதிரி வாய்ப்பு வீடு தேடி வராது. என்னைப் பத்திக் கவலைப்படாதே.”

வேலை கிடைத்த நாளிலிருந்து இதே பாட்டுதான். தனியாகச் சமாளித்துவிடுவேன் என்று அவளுக்குக் காட்டுவதற்காகவே சமையல் கற்றுக்கொண்டார். தலைக்குச் சாயம் பூசினார். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், திடீரென்று இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கடைக்குப் போவேன் என்று அடம்பிடித்தால் என்ன அர்த்தம்? உள்ளே உடைந்துபோயிருக்கிறார் என்றுதான்.

“உன் அலமாரியைக் காலி பண்ணிட்டியா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“எதுக்குப்பா கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

காலி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கப்போவதை நினைத்து இப்போதே தவிக்கிறார் இந்த மனுஷன்.

பின்னால் ஒரு நீண்ட பெருமூச்சு. முகம் தெரியாவிட்டால் என்ன, அவள் தொழிலே காது சம்பந்தப்பட்டது. மூச்சை வைத்தே அப்பாவின் மனதைப் படித்துவிடுவாள்.

“நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா.”

துடுப்பு நின்றது. “தெரியுமா?”

“கூடவே இருக்கறவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நாளா நீங்க நீங்களாவே இல்ல.”

“சொல்ல வாய் வரலைம்மா. உனக்கு எப்படி இருக்குமோன்னு ஒரு பயம்.”

“சொந்தப் பொண்ணுகிட்ட என்ன பயம்? மனசுல இருக்கறதைச் சொன்னா நான் கோவிச்சுக்குவேனா?”

“கோவிச்சுக்க மாட்டியா?” அவர் குரல் உடைந்தது. “நெஜமாவா?”

“நீங்க சொல்லவே வேண்டாம். நான் போகலப்பா.”

அவள் திரும்பாமலேயே தொடர்ந்தாள்.

“நேத்தே போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன். அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்தும் ஆச்சு. உங்களைத் தனியா விட்டுட்டு எனக்கு என்ன பெரிய வேலை? கடைசி வரைக்கும் நான் உங்களோடதான்.”

ஆற்றின் அடியில் அவர்கள் இருவரின் நிழலும் ஊர்ந்து வந்தது. பின்னால் இருந்த நிழல் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழுகிறார் என்று புரிந்துகொண்டாள். அழட்டும். இத்தனை நாள் அடக்கி வைத்தது. அவள் ஒருத்தியாகவே துடுப்பு போட்டாள். இவ்வளவு லேசாக அவள் மனம் இருந்து பல காலம் ஆகியிருந்தது.

இறங்குதுறை கண்ணில் பட்டபோதுதான் அவர் வாய் திறந்தார்.

“இன்னொரு தடவை கேட்டுப் பார்க்க முடியாதா?”

“எதைப்பா?”

“அந்த வேலையைத்தான்.”

“பாத்தீங்களா, இப்பவும் எனக்காகவே யோசிக்கறீங்க” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கரையில் நிழலுக்கு ஒதுங்கி நின்றிருந்த, அப்பாவின் வயதையொத்த ஒரு பெண்மணி, புடவையைக் கணுக்கால் மேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கி வந்தார். படகின் மூக்கைப் பிடித்து நிறுத்தினார். பிறகு நேராகப் பின்னால் போய், தன் கைத்துண்டால் அப்பாவின் நெற்றியை ஒற்றினார்.

“இப்படி வேர்த்துக் கொட்டுதே. ஒருவழியா சொல்லிட்டீங்களா?”

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதையே பதிலாக எடுத்துக்கொண்ட அந்தப் பெண்மணி, மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உனக்கு ரொம்பப் பெரிய மனசும்மா. நான் குடியிருக்கற வீட்டை இந்த மாசக் கடைசியில காலி பண்றேன்னு சொல்லிட்டேன். நீ எந்தத் தேதி கிளம்புறே?”