இடது கை

"இந்த ஆட்டோமேட்டிக்கையும் ஓட்டிப் பாக்கணும்மா. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு."

கார் ஷோரூம் மேஜையிலிருந்து சுகன்யா நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவே ஓட்டலாமே சார். ரோடு காலியா இருக்கு."

"காலி ரோட்ல எந்த வண்டியும் நல்லாத்தான் ஓடும். பஸ் ஸ்டாண்டுல இருந்து பேகம்பூர் வரைக்கும், கூட்டத்துக்குள்ள ஓட்டிப் பாக்கணும்."

ராயப்பராஜ் மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முந்தின நாள்தான் கியர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். அதுவும் ஆறு மணிக்கு, அதே ரோட்டில்.

சுகன்யா பாரத்தை நிரப்பினாள். "இன்னொரு நம்பர் குடுங்க சார். நீங்க எடுக்கலைன்னா கூப்பிடுறதுக்கு."

"வேற நம்பர் இல்லம்மா."

"வீட்ல?"

"வீட்ல யாரும் போன் எடுக்கமாட்டாங்க."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அவர் போனதும் கூட வேலை பார்க்கும் முகேஷ்குமார் பக்கத்தில் வந்து சிரித்தான். "நாப்பது வருஷமா கியர் வண்டி ஓட்டுன மனுஷன். நேத்தும் அம்புட்டு நல்லா ஓட்டுனாரு. இன்னைக்கு எதுக்காம் ஆட்டோமேட்டிக்? வண்டியைப் பாக்க வாராரா, உன்னையப் பாக்க வாராரா?"

அவள் சிரிக்கவில்லை. ஷோரூமில் அவள் ஒருத்திதான் பெண். மத்தியானம் டிபன் பாக்ஸைத் தனியாகத்தான் திறப்பாள். சேர்ந்து மூன்று மாதமாகியும் ஒரு வண்டிகூட விற்கவில்லை. இந்த மாதமும் விற்காவிட்டால் வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஆறு மணிக்கு இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஷேர் ஆட்டோக்கள் மூக்கை நுழைத்தன. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

அவள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "கிளட்ச் கிடையாது சார். இந்த டிராபிக்ல இடது காலுக்கு வேலையே இல்ல."

"கால் கெடக்கட்டும். கை?"

"கைக்கும் வேலை இல்ல சார். கியரை ஒரு தடவை 'டி'யில போட்டா போதும், அதுவே மாத்திக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. இடது கையை எடுத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்தார். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் அவள் துப்பட்டாவுக்கு ஒரு சாண் தூரத்தில்.

வண்டி ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. கை அங்கேயே இருந்தது.

சுகன்யா கதவோரமாக ஒதுங்கினாள்.

"ஏம்மா, உன் பக்கத்துக் கதவை, உள்ள இருக்கவங்க தொறக்க முடியாதபடி பூட்ட வழி இருக்கா?"

அவள் கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "இல்ல சார். சைல்டு லாக் பின்கதவுக்கு மட்டும்தான்."

"அப்பக் கைதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மடியில் இருந்த பையைத் தூக்கி நடுவில் வைத்தாள் சுகன்யா. செம்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கற்றுக்கொண்ட வித்தை.

அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா. ஏதோ நெனப்புல வச்சுட்டேன்."

திரும்பி வரும்வரை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

முகேஷ்குமாரிடம் சொன்னாள்.

"தொட்டாரா?"

"தொடல."

"அப்புறம் என்ன? பல்லைக் கடிச்சுக்கிட்டு வண்டியைத் தள்ளிவிடு."

பஸ்ஸில் போகும்போது அம்மாவின் போன் வந்தது. "வண்டி எதும் போச்சாத்தா?"

"போகும்போல இருக்கும்மா."

வேறொன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு அனுப்பமாட்டார்கள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாளே ராயப்பராஜ் போன் செய்து ஆட்டோமேட்டிக்கை புக் பண்ணினார்.

இரண்டு வாரம் கழித்து டெலிவரி. "சாவியை நீ குடுத்துரு" என்று முகேஷ்குமாரிடம் கெஞ்சிவைத்திருந்தாள். ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது அவனைக் காணோம். சாவியும் ஸ்வீட் பாக்ஸுமாக அவளே போனாள்.

ராயப்பராஜ் தனியாக இறங்கவில்லை. ஒரு அம்மாளின் கையைப் பிடித்து இறக்கினார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, படிய வாரிய தலை. காலில் மட்டும் ஜோடி சேராத செருப்பு.

"என் வீட்டுக்காரி. அன்னாள்."

அந்த அம்மாள் சுகன்யாவைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்து ஆட்டோவையும் பார்த்து அதேபோலச் சிரித்தாள்.

"அம்மா பின்னாடி உக்காரட்டும் சார். சௌகரியமா இருக்கும்."

"பின்னாடி உக்காந்தா என் மொகம் தெரியாது. அழுவா."

புது வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினார். சுற்றி வந்து தன் சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அலறியது.

அன்னாள் திடுக்கிட்டு கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்துகொண்டது.

"நான் எறங்கணும். எங்க வீட்டுக்காரர் தேடுவாரு."

சுகன்யா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

ராயப்பராஜ் பதறவில்லை. இடது கையை எடுத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்தார். அதே இடம். அதேபோல உள்ளங்கை மேலே பார்க்க.

அன்னாள் அந்தக் கையைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள்.

அவர் திறந்திருந்த ஜன்னல் வழியாக சுகன்யாவிடம் மெல்லச் சொன்னார்.

"போன மாசம் பேகம்பூர் கூட்டத்துல, கியர் மாத்தத்தாம்மா இந்தக் கையை விட்டேன். அதுக்குள்ள எறங்கிப் போயிட்டா."