கவிழ்த்துப் பிடித்த பேப்பர்

வீடில்லாதவர்கள் தெருவில் நின்று விற்கும் ‘நடைபாதை’ பத்திரிகைக்கு, சத்திரம் பேருந்து நிலையத்தில் அந்தோணியம்மாள்தான் பழைய ஆள். சேர்ந்த புதிதில் அவளுக்கு எழுத்து தெரியாது. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூவினாள். அதைச் சொல்லவென்றே ஆட்கள் நின்றார்கள். நின்றவர்கள் பேரைக் கேட்டார்கள், சாப்பிட்டாயா என்றார்கள், ஒரு பிரதியும் வாங்கினார்கள்.

“இன்னிக்கும் கவுத்துட்டியா அந்தோணி?” என்று கணக்கு வாத்தியார் சபேசன் தினமும் வம்புக்கு இழுப்பார். பிற்பாடு அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனாலும் பேப்பரை மட்டும் நிமிர்த்தவில்லை.

இப்போது எதுவும் அச்சாவதில்லை. அவள் கழுத்தில் தொங்கும் அட்டையைக் கடக்கிறவர்கள் போட்டிருக்கும் மின்மூக்குக் கண்ணாடிக்குள் பத்திரிகை தானாக விரிகிறது. விலையும் தானாக வந்து சேர்கிறது. சோற்றுக்குக் குறைவில்லை. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசித்தான் மாதக்கணக்காகிறது.

பத்திரமாக வைத்திருந்த கடைசிப் பிரதியை எடுத்து, பழையபடி கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஒருவரும் நிற்கவில்லை. தலைகீழ் எழுத்தைக் கண்ணாடியே நிமிர்த்திக் காட்டிவிடுகிறதாம்.

அன்று சாயங்காலம் தூறல். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி வந்த பெண் ஒருத்தி சட்டென்று நின்றாள்.

“அக்கா, பேப்பர் தலைகீழா இருக்கே!”

“அப்படியா தாயி?” அந்தோணியம்மாள் அதைப் பாதி மட்டும் திருப்பினாள். “இப்பச் சரியா?”

“ஐயோ, இப்பப் படுத்துக் கெடக்கு. இப்படிக் குடுங்க!”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள்.