நிறுத்திய கை

கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டான் திருமுருகன்.

அதுவும் எப்படி? இன்னும் ஒரே ஒரு குத்து விட்டால் திரையில் வாஜித்தின் வீரன் மல்லாந்து விழுவான். கோப்பை திருமுருகனுக்கு. அந்த நேரம் பார்த்து, ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற பட்டனை அவனே அமுக்கித் தொலைத்தான். திரை அப்படியே நின்றது.

ஆலங்குடி கல்யாண மண்டபத்தில் மாவட்ட அளவிலான வீடியோ கேம் சண்டைப் போட்டி. அதன் இறுதி ஆட்டம். நடுவர் அழகுமலை எழுந்து வந்தார்.

"தம்பி, ரூல் தெரியும்ல? ஆட்டம் நடக்குறப்ப யாரு நிறுத்தினாலும் அந்த ரவுண்டு எதிராளிக்கு."

"தெரியும்ணே."

"இது கடைசி ரவுண்டு."

"தெரியும்ணே" என்றான் மறுபடியும். கன்ட்ரோலரை மெல்லக் கீழே வைத்தான்.

கூட்டம் சும்மா இருக்குமா? "சரியான டென்ஷன் பார்ட்டிடா இவன்" என்றது ஒரு குரல். "நேத்து ஆட வந்த புள்ளகூட அந்தப் பட்டனத் தொடாதுப்பா" என்றது இன்னொன்று.

வாஜித் காதை மூடியிருந்த ஹெட்போனைக் கழற்றினான். ஜெயித்தது தான்தான் என்று புரியவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போன வருஷம் இதே மேடையில், ஒரு ரவுண்டு கைவிட்டுப் போனதும் மண்டை சூடாகி கன்ட்ரோலரைத் தூக்கி அடித்தவன் அவன். ஊரே சிரித்தது. பழக்க வேண்டியது விரலை இல்லை, மனசை என்று அன்றைக்கு முடிவு செய்தான். வாங்கிய அடியை வாங்கிய இடத்திலேயே மறக்கப் பழகினான். ரவுண்டு முடிந்ததும் மூச்சை இழுத்து விடப் பழகினான். கண்ணில் திரை, கையில் பட்டன், உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று உட்காரக் கற்றுக்கொண்டான். பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

கூட ஆடிப் பழகியது திருமுருகன்தான். கறம்பக்குடியில் வாஜித் வீட்டில், சாயங்காலமானால் ரெண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பாதிக்கு மேல் திருமுருகன்தான் ஜெயிப்பான். அடுத்த மாசம் அவனுக்கு சிங்கப்பூரில் வேலை. போவதற்குள் சென்னையில் நடக்கிற மாநிலப் போட்டியில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்று தவம் கிடந்தான். மாவட்டத்தில் ஜெயிக்கிறவனுக்கென்று அங்கே இருந்த ஒரே இடம் இப்போது வாஜித்துக்குப் போய்விட்டது.

மேடையில் மைக்கைக் கொடுத்தார்கள். வாஜித்துக்கு வார்த்தை சரளமாக வந்தது.

"கை எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாங்க. மனசுதான் வேற. உசுரு போற நேரத்துலயும் நான் அசையல. அதைப் பாத்து அவன் அசஞ்சுட்டான். அவ்வளவுதான் விஷயம்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது. திருமுருகனும் தட்டினான்.

ஊருக்குத் திரும்பும்போது பைக்கை ஓட்டியது திருமுருகன். பின்னால் கோப்பையைக் கட்டிக்கொண்டு வாஜித். வழியெல்லாம் பாடம் நடத்தினான்.

"என்னடா ஆச்சு ஒனக்கு?"

"கை பட்டுருச்சுடா."

"கை சும்மா படாது மாப்ள. மனசு தடுமாறினாத்தான் கை தடுமாறும்."

"இருக்கும்."

"கோவிச்சுக்காத, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். சிங்கப்பூர்லயும் போட்டியெல்லாம் நடக்கும். மனசை மட்டும் சரி பண்ணிக்க."

"சரிடா." கொஞ்ச தூரம் போன பிறகு திருமுருகன் சொன்னான். "நீ குனிஞ்சு ஒதைக்கிறது இப்பவும் கொஞ்சம் லேட்டாகுது. சென்னைக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிரு. அங்கிட்டு உள்ளவங்க விட மாட்டாங்க."

தோற்றவன் தனக்குச் சொல்லித் தருவதா என்று வாஜித்துக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் இறங்கிக்கொண்டான். உள்ளே வரச் சொல்லியும் வராமல் திருமுருகன் வண்டியைத் திருப்பினான்.

அம்மா ஜன்னத் பீவிக்குக் கோப்பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்கித் துடைத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இத்தன நாளும் ஒன்னப் பொரட்டி எடுப்பானேடா அந்தப் புள்ள. இன்னைக்கு எப்புடித் தோத்தான்?"

"ஜெயிக்கிற நேரத்துல நிறுத்துற பட்டன அமுக்கிட்டாம்மா. பயம். மனசுல தெம்பு இல்ல அவனுக்கு."

"எந்நேரத்துல?"

"பொழுது எறங்குற நேரம். மண்டபத்துல லைட்டு போட்டாங்க, அப்பத்தான். ஏன் கேக்குறீங்க?"

ஜன்னத் பீவி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அந்த மண்டபத்த ஒட்டித்தானே பள்ளிவாசல் இருக்கு. மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லியிருப்பாங்கடா. நம்ம வீட்டுல ஆடுறப்பவும் பாங்கு சத்தம் கேட்டா, நான் அடுப்படியிலேர்ந்து குரல் கொடுக்குறதுக்குள்ள ஆட்டத்த நிறுத்துறது அந்தப் புள்ளதானே. பழகுன கையி, அங்கிட்டும் நிறுத்திருச்சு."

வாஜித் டீ டம்ளரைக் கீழே வைத்தான். மைக்கில் பேசியதும் வண்டியில் பேசியதும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவமானமாக இருந்தது.

ஜன்னத் பீவி எதையும் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

"அது சரி, நீ ஏன்டா நிறுத்தல?"