பத்ரகர் கேட்டது

ஆசான் மறைந்த பிறகு கூடிய சபையில், அவர் வாயிலிருந்து தாம் கேட்டதை ஒவ்வொரு பிக்குவும் ஒப்பிக்க வேண்டும். சபை திருப்பிச் சொன்னால் அது உபதேசம். ஒப்பிக்க ஒன்றுமில்லாதவர் வெளியே போக வேண்டியதுதான். பத்ரகரோ உபதேச நேரமெல்லாம் தூங்கிக் கழித்தவர்.

“உம்ம முறை ஓய், எழுந்திரும்,” என்று பக்கத்துப் பிக்கு இடித்தார்.

“அரைத்தூக்கத்துல ஒண்ணே ஒண்ணு காதுல விழுந்தது. ஆசான் சொன்னார்: ‘அவனை எழுப்பாதீங்க, தூங்கட்டும்.’”

யாரும் சிரிக்கவில்லை. சபையே பயபக்தியோடு திருப்பிச் சொன்னது. உடனே விளக்கம் தொடங்கியது.

“தூக்கம்னா அறியாமை.”

“போம் ஓய், அது நிர்வாணம்!”

அந்தச் சொல்லுக்குப் பின்னால் தன்மேல் ஒரு மேலாடை வந்து விழுந்ததையும், அதில் இன்னும் உடம்புச் சூடு இருந்ததையும் எப்படி ஒப்பிப்பது என்று பத்ரகருக்குத் தெரியவில்லை.